பதினொரு நாளில் பிறந்த நீர்மூழ்கி

1935 ஜூன் 18ஆம் தேதி லண்டனில் பிரிட்டனும் ஜெர்மனியும் ஒரு கடற்படை உடன்படிக்கை செய்துகொண்டன. ஜெர்மனியின் சார்பில் பேச வந்தவர் ரிப்பன்ட்ராப். பிரிட்டிஷ் கடற்படையின் மொத்த டன் அளவில் 35 சதவீதம் வரை ஜெர்மனி போர்க்கப்பல்கள் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. நீர்மூழ்கிகளுக்கு மட்டும் 45 சதவீதம். தேவை என்று கருதினால், முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு பிரிட்டனுக்குச் சமமாகவே கட்டிக்கொள்ளலாம். ஜெர்மனிக்கு நீர்மூழ்கியே கூடாது என்று பதினாறு ஆண்டுகளாக இருந்துவந்த தடை ஒரு கையெழுத்தில் போயிற்று. அதிலிருந்து பதினோராம் நாள், ஜூன் 29 அன்று, கீல் துறைமுகத்தில் யு-1 என்ற புத்தம்புது நீர்மூழ்கி ஜெர்மன் கடற்படையில் சேர்ந்தது. கையெழுத்தாவதற்கு மூன்று நாள் முன்பே அது தண்ணீரில் இறக்கப்பட்டிருந்தது.

நீர்மூழ்கியை அவசரத்தில் கட்ட முடியாது. கடலின் அழுத்தத்தைத் தாங்கும் உருளை வடிவ உடல், மேலே மிதக்கும்போது ஓட்டுவதற்கு டீசல் இயந்திரங்கள், மூழ்கியபின் ஓட்டுவதற்கு மின்மோட்டார்கள், அவற்றுக்கு மின்சாரம் தரும் டன் கணக்கான பேட்டரிகள், மூழ்கவும் எழவும் கடல்நீரை ஏற்றி இறக்கும் தொட்டிகள், டார்ப்பிடோக் குழாய்கள் என்று அத்தனையும் சாண் இடம் வீணாகாமல் பொருந்த வேண்டும். எடைக் கணக்கு பிசகினால் மூழ்கிய படகு மேலே வராது. 1919இல் இந்தத் தொழிலை உண்மையிலேயே கைவிட்ட நாடு மறுபடி தொடங்கியிருந்தால், நம்பத்தக்க ஒரு வரைபடம் தயாராகவே சில ஆண்டுகள் ஆகியிருக்கும். படகை ஓட்டத் தெரிந்த மாலுமிகளைப் பழக்க இன்னும் சில ஆண்டுகள். அப்படியானால் யு-1 எங்கிருந்து வந்தது?

இரண்டு உலகப்போர்களுக்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளின் கடற்படை வரலாற்றில் நம் கண்ணில் முதலில் படுவன வாஷிங்டன் மாநாட்டு விகிதாசாரங்களும், பீரங்கிகளின் வாய் அகலமும், டன் கணக்குகளும்தாம். அன்றைய ராஜதந்திரிகளின் கண்ணிலும் அவைதாம் பட்டன. ஆனால் அடுத்த போரில் அட்லாண்டிக் கடலின் போக்கைத் தீர்மானித்த இரண்டு சங்கதிகள் அந்தப் பட்டியல்களில் ஏறவே இல்லை என்பது என் கருத்து. ஒன்று, நீர்மூழ்கியை வரையவும் ஓட்டவும் தெரிந்தவர்களின் கைப்பழக்கம். மற்றது, நீர்மூழ்கிக்குள் இருக்கும் இடநெருக்கடி. முதலாவதைத் தடைசெய்ய முயன்று தோற்றார்கள். இரண்டாவதைச் சட்டம் போட்டு மறக்கப் பார்த்தார்கள்.

இடநெருக்கடியிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்கக் கடற்படை தன் முதல் நீர்மூழ்கியை 1900இல் வாங்கியது. அயர்லாந்தில் பிறந்து பள்ளி ஆசிரியராக இருந்த ஜான் ஹாலண்ட் வடிவமைத்த படகு அது. ஜெர்மனி 1906இல்தான் இந்தத் துறைக்குள் வந்தது. பெரிய கடற்படைகள் இந்தக் குட்டிப் படகுகளைத் துறைமுகக் காவலுக்கு உதவும் துணைக்கருவியாகவே கருதியிருந்தன. அந்தக் கருத்து உடைந்த நாள் 1914 செப்டம்பர் 22. அன்று காலை ஹாலந்துக் கரைக்கு அப்பால் வட கடலில், ஓட்டோ வெடிகன் தலைமையில் இருபத்தாறு பேர் இருந்த யு-9 என்ற படகு, அபூகிர், ஹோக், கிரெஸ்ஸி என்ற மூன்று பிரிட்டிஷ் குரூசர்களை ஒன்றரை மணி நேரத்துக்குள் மூழ்கடித்தது. 1,400க்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள்.

அதே நாள் இரவில்தான் எம்டன் சென்னைக்கு வெளியே வந்து நின்று பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது. ஒரே கடற்படையின் இரண்டு கலங்கள், ஒரே தேதி. நமக்கு எம்டன் கதை தெரியும், யு-9 கதை அவ்வளவாகத் தெரியாது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பின்னால் வந்த சிக்கல் விளங்கும். எம்டனின் தலைவர் முல்லர், வங்காள விரிகுடாவில் வணிகக் கப்பல்களை மடக்கியபோது பழைய கடற்போர் மரபைக் கவனமாகக் கடைப்பிடித்தார். முதலில் கப்பலை நிறுத்துவார். ஆட்களை இறக்கித் தன் பொறுப்பில் வைத்துக்கொள்வார். பிறகுதான் கப்பலை மூழ்கடிப்பார். கைதிகள் சேர்ந்துவிட்டால், பிடிபட்ட கப்பல் ஒன்றிலேயே அவர்களை ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்பிவிடுவார். எதிரியின் பத்திரிகைகளே அவரைப் பாராட்டின. முன்னூறுக்கும் மேற்பட்ட ஆட்களும் விசாலமான மேல்தளமும் கொண்ட குரூசருக்கு இது முடியும்.

யு-9 போன்ற படகுக்கு முடியாது. இருபத்தாறு பேருக்கே படுக்க இடமில்லாத குழாய்க்குள் பிடிபட்டவர்களை எங்கே வைப்பது? பிடித்த கப்பலை ஓட்டிச்செல்ல யாரை அனுப்புவது? எச்சரிக்கை கொடுக்க வேண்டுமென்றால் நீர்மட்டத்துக்கு மேலே வர வேண்டும். வந்தால், உடலில் ஒரே ஒரு குண்டு துளைத்தாலும் அந்தப் படகு இனி மூழ்க முடியாது. பிரிட்டன் இதைப் புரிந்துகொண்டு, சாதாரணச் சரக்குக் கப்பல்போல வேடமிட்ட கப்பல்களில் பீரங்கிகளை மறைத்து அனுப்பியது. மரியாதையாக மேலெழுந்து வந்த நீர்மூழ்கிகள் சில அப்படி அழிந்தன. 1915 மே 7 அன்று லூசிட்டேனியா பயணிகள் கப்பல் 1,198 உயிர்களோடு மூழ்கியபோது உலகம் கொதித்தது; ஜெர்மனி சற்றுப் பின்வாங்கியது. 1917 பிப்ரவரி 1 முதல் எச்சரிக்கையே இல்லாமல் தாக்கலாம் என்று உத்தரவிட்டது. அந்த ஏப்ரல் ஒரு மாதத்தில் மட்டும் 8.5 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் கடலடிக்குப் போயின. பிரிட்டனின் உணவுக் கையிருப்பே ஆட்டம் கண்டது. அதைக் காப்பாற்றியது எந்தப் புதிய ஆயுதமும் அல்ல. வணிகக் கப்பல்களைத் தனித்தனியாக விடாமல் கூட்டமாகச் சேர்த்துப் போர்க்கப்பல் காவலோடு அனுப்பும் கான்வாய் முறையை 1917 மே மாதம் தொடங்கினார்கள். இழப்பு படிப்படியாகக் குறைந்தது.

போர் முடிந்ததும் ஜெர்மன் நீர்மூழ்கிகள் 1918 நவம்பர் 20 முதல் பிரிட்டனின் ஹார்விச் துறைமுகத்துக்கு வரிசையாக வந்து சரணடைந்தன. 170க்கும் மேற்பட்ட படகுகள். வென்ற நாடுகள் அவற்றைப் பங்கிட்டுக்கொண்டன. ஜப்பானுக்கு மட்டும் ஏழு கிடைத்தன. 1919இன் வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனிக்கு ஆறு பழைய போர்க்கப்பல்களையும் ஆறு குரூசர்களையும் சில சிறு கலங்களையும் விட்டுவைத்தது. ஆட்களின் எண்ணிக்கை 15,000க்கு மேல் போகக் கூடாது. அதன் 191ஆம் பிரிவு, ஜெர்மனிக்குள் எந்த நீர்மூழ்கியையும் கட்டவோ வாங்கவோ கூடாது, வணிகத்துக்காகக்கூடக் கூடாது என்றது. அந்தக் கடைசிச் சொற்களுக்குக் காரணம் இருந்தது. 1916இல் டாய்ச்லாண்ட் என்ற சரக்கு நீர்மூழ்கி அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்துக்கே போய் வந்திருந்தது. சட்டம் எழுதியவர்கள் கவனமாகத்தான் எழுதினார்கள். ஆனால் ‘ஜெர்மனிக்குள்’ என்ற எல்லைக்குள் நின்றுவிட்டார்கள்.

1922 ஜூலையில் நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஒரு கம்பெனி பதிவாயிற்று. டச்சு மொழியில் அதன் நீளமான பெயருக்கு ‘கப்பல் கட்டும் பொறியியல் அலுவலகம்’ என்றுதான் பொருள், சுருக்கமாக ஐ.வி.எஸ். முதலீடு செய்தவை கீல் நகரின் குரூப் ஜெர்மானியாவெர்ஃப்ட், வுல்கன், பிரேமனின் வெசர் ஆகிய மூன்று ஜெர்மன் கப்பல் தளங்கள். தொழில்நுட்பப் பொறுப்பு, போருக்கு முன்பிருந்தே ஜெர்மானியாவெர்ஃப்டில் நீர்மூழ்கிகளை வரைந்துவந்த ஹான்ஸ் டெக்கெலுக்கு. வணிகப் பொறுப்பு, முன்னாள் நீர்மூழ்கி அதிகாரி உல்ரிக் பிளூமுக்கு. இந்தக் கம்பெனியிடம் கப்பல் தளம் கிடையாது, கிரேன் கிடையாது, ஓர் இரும்புத் தகடுகூடக் கிடையாது. வரைபட மேசைகளும் கணக்குப் புத்தகங்களும் மட்டுமே. வெளிநாட்டுக் கடற்படைகளுக்கு நீர்மூழ்கி வரைந்து கொடுப்பதும், அந்த நாட்டுத் தளங்களில் கட்டும்போது மேற்பார்வை பார்ப்பதும், முடிந்தபின் ஓட்டிச் சோதிப்பதும் அதன் தொழில். சோதனை ஓட்டத்தில் ஜெர்மன் அதிகாரிகள் இருப்பார்கள். சட்டப்படி பார்த்தால், டச்சுக் கம்பெனி ஒன்று வேறொரு நாட்டுக்குத் தன் சேவையை விற்கிறது. ஜெர்மனிக்குள் எதுவும் நடக்கவில்லை.

முதலில் துருக்கி. ராட்டர்டாமின் ஃபியெனோர்டு தளத்தில் கட்டிய இரண்டு படகுகள் 1920களின் இறுதியில் துருக்கிக் கடற்படைக்குப் போயின. பழைய போரின் கடைசி ஆண்டுகளில் நன்றாக உழைத்த யுபி-3 என்ற வகையின் சாயல் அவற்றில் இருந்தது. அடுத்து ஃபின்லாந்து. அங்கே கடற்படை ஆலோசகராக இருந்தவர், போரின்போது ஃப்ளாண்டர்ஸ் நீர்மூழ்கிப் படையை நடத்திய கார்ல் பார்ட்டென்பாக். துர்க்கு நகரின் கிரிக்டன்-வுல்கன் தளத்தில் வெட்டேஹினென் வகைப் படகுகள் மூன்று உருவாயின. ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தில் தொழிலதிபர் எச்செவர்ரியெட்டாவின் தளத்தில் இ-1 என்ற இன்னும் பெரிய படகு 1930இல் தண்ணீரில் இறங்கியது. ஸ்பெயின் அரசு அதை வாங்கவில்லை. கடைசியில் துருக்கி வாங்கியது. ஜெர்மனிக்கு அதனால் நட்டமில்லை. பிற்பாடு யு-25, யு-26 என்ற இரண்டு பெரிய படகுகளுக்கு அந்த இ-1தான் முன்மாதிரி.

இவை எல்லாவற்றிலும் யு-1க்கு நேரான தாய் ஒன்று உண்டு. 1933 மே மாதம் துர்க்குவில் தண்ணீரில் இறங்கிய அந்தப் படகுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. தளத்தின் வரிசை எண்ணான சி.வி. 707 என்றே அழைத்தார்கள். இன்றும் அதைப் பார்க்கலாம். ஹெல்சிங்கிக்கு எதிரே உள்ள சுவோமென்லின்னா கோட்டைத் தீவில் கரையேற்றி நிறுத்தியிருக்கிறார்கள். நீளம் 41 மீட்டர், எடை 250 டன் சுமார். மூக்குப் பகுதியில் மூன்று டார்ப்பிடோக் குழாய்கள். மொத்தமே ஐந்து டார்ப்பிடோக்கள்தாம் கொள்ளும். அந்த முன் அறையே படுக்கை அறை, அதுவே டார்ப்பிடோவைக் குழாய்க்குள் தள்ளும் பணியிடமும். நடுவில் பெரிஸ்கோப்பும் கட்டுப்பாட்டு அறையும், பின்னால் டீசல் இயந்திரங்களும் மோட்டார்களும், காலுக்கடியில் பேட்டரிகள். பழைய படகுகளில் தகடுகளை ஆணி அடித்து இணைப்பார்கள். இதில் உடல் முழுவதும் வெல்டிங். ஆணித் துளை இல்லாததால் எண்ணெய் கசிந்து கடல்மேல் தடம் காட்டுவது குறைந்தது, அழுத்தத்தைத் தாங்கும் சக்தி கூடியது. ஃபின்லாந்தின் தீவுக் கூட்டத்தில் ஜெர்மன் மாலுமிகள் இதை ஓட்டி ஓட்டிச் சோதித்தார்கள்.

1936இல் ஃபின்லாந்து அதை வாங்கி வெசிக்கோ என்று பெயரிட்டது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், 1947இன் பாரிஸ் சமாதான உடன்படிக்கை ஃபின்லாந்துக்கு நீர்மூழ்கியே கூடாது என்று தடை விதித்தது. தடையை ஏய்க்கக் கட்டிய படகு இன்னொரு தடையால் வேலையிழந்து, மற்றவை பழைய இரும்புக்குப் போக, அருங்காட்சியகமாகத் தப்பியது.

கீல் நகருக்குத் திரும்புவோம். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஆண்டின் அக்டோபரில் அங்கே ‘நீர்மூழ்கி எதிர்ப்புப் பள்ளி’ என்ற பெயரில் ஒரு பள்ளி தொடங்கியது. உள்ளே நீர்மூழ்கியை ஓட்டத்தான் கற்றுக்கொடுத்தார்கள். சி.வி. 707இன் வரைபடத்தையொட்டிச் செய்த பாகங்கள் கீலின் கொட்டகைகளில் வந்து குவிந்தன. 1935 பிப்ரவரியில் கோக்கத் தொடங்கி ஜூனில் முடித்தார்கள். பதினொரு நாள் ரகசியம் இவ்வளவுதான். இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த வேலையை ஹிட்லர் தொடங்கவில்லை. வைமார் குடியரசு, தேர்தலும் நாடாளுமன்றமும் பத்திரிகைச் சுதந்திரமும் இருந்த ஆட்சி, தன் கடற்படை இப்படி நடந்துகொள்ள இடம் கொடுத்தது. வால்டர் லோமன் என்ற கடற்படை கேப்டன் ரகசிய நிதியைக் கையாண்டு, அதை ஃபோபஸ் என்ற சினிமா கம்பெனி உள்பட எதிலெதிலோ போட்டு நட்டப்பட்டார். 1927 ஆகஸ்டில் பெர்லின் நாளிதழ் ஒன்று அதை வெளிக்கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு பாதுகாப்பு அமைச்சர் கெஸ்லரும் கடற்படைத் தலைவர் சென்கரும் பதவி விலகினார்கள். சினிமா முதலீடு மக்கள் மத்தியில் பெரும் பேச்சானது. ஹேக் அலுவலகம் தன் வேலையைத் தொடர்ந்துகொண்டே இருந்தது.

இதே ஆண்டுகளில் வென்ற நாடுகள் என்ன செய்துகொண்டிருந்தன? 1921 நவம்பரில் கூடிய வாஷிங்டன் மாநாடு பெரும் போர்க்கப்பல்களுக்கு வரம்பு கட்டியது. பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் 5,25,000 டன், ஜப்பானுக்கு 3,15,000, பிரான்ஸுக்கும் இத்தாலிக்கும் 1,75,000. உலகம் கண்ட முதல் பெரிய ஆயுதக் குறைப்பு அது. அதன் மதிப்பை நான் குறைக்க மாட்டேன். ஆனால் நீர்மூழ்கி என்று வந்ததும் பேச்சு முறிந்தது. நீர்மூழ்கிகளை உலகத்திலிருந்தே ஒழித்துவிட வேண்டும் என்று பிரிட்டன் கேட்டது. 1917ஐக் கண்ட தீவு நாட்டின் அச்சம் அதில் இருந்தது. பிரான்ஸ் மறுத்தது. பெரிய போர்க்கப்பல் கட்ட வசதியில்லாத நாட்டுக்கு நீர்மூழ்கிதான் காவல் என்பது அதன் வாதம். 90,000 டன் வேண்டும் என்றது. பிரிட்டிஷ் கடற்படை அமைச்சர் லீ, பிரெஞ்சு அதிகாரி காஸ்டெக்ஸ் எழுதிய கட்டுரையிலிருந்து சில வரிகளைப் படித்துக்காட்டி, ஜெர்மானியர் செய்ததைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆதரிக்கிறார்கள் என்று குற்றம் சாட்டினார். அந்த வரிகள் ஜெர்மானியரின் சிந்தனையை விளக்குபவையே என்று பிரெஞ்சுத் தரப்பு கொதித்தது. கசப்பு மிஞ்சியது, வரம்பு எதுவும் பிறக்கவில்லை.

1930இல் லண்டனில் கூடியபோது ஒரு வரம்பு வந்தது. பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் மூன்றுக்கும் ஆளுக்கு 52,700 டன் நீர்மூழ்கிகள். ஒரு படகு 2,000 டன்னைத் தாண்டக் கூடாது. விதிவிலக்காக நாட்டுக்கு மூன்று படகுகள் மட்டும் 2,800 டன் வரை இருக்கலாம். இந்த எண்களைப் பார்த்தாலே அன்றைய கடற்படைத் தலைமைகள் எதை அஞ்சின என்று தெரிகிறது. பெரிய படகு, பெரிய பீரங்கி. பிரிட்டன் நான்கு பீரங்கிகளோடு எக்ஸ்-1 என்ற நீர்மூழ்கிக் குரூசரைக் கட்டிப் பார்த்து, 1930களின் நடுவில் உடைத்துப் போட்டது. எம்-1 என்ற படகில் 12 அங்குலப் பீரங்கி வைத்தார்கள். 1925இல் ஸ்வீடன் நாட்டுக் கப்பல் மோதி அது 69 பேரோடு மூழ்கியது. எம்-2இல் விமானக் கொட்டகை வைத்தார்கள். 1932 ஜனவரியில் அதுவும் 60 பேரோடு மூழ்கியது. பிரான்ஸின் சுர்கூஃப் 203 மில்லிமீட்டர் பீரங்கிகள் இரண்டையும் ஒரு கடல் விமானத்தையும் சுமந்தது. பத்திரிகைப் படங்களில் இவை வியப்பூட்டின. அடுத்த போரில் சுர்கூஃப் வகையால் எதுவும் நிகழவில்லை. துர்க்குவின் 250 டன் படகைப் பற்றி எந்தப் பத்திரிகை எழுதியது?

லண்டன் உடன்படிக்கையின் 22ஆம் பிரிவு மனிதர்களைப் பற்றியது. வணிகக் கப்பலை மூழ்கடிப்பதற்கு முன் பயணிகளையும் மாலுமிகளையும் கப்பலின் ஆவணங்களையும் பாதுகாப்பான இடத்தில் சேர்க்க வேண்டும்; கரையோ வேறு கப்பலோ பக்கத்தில் இல்லாத நிலையில் உயிர்காப்புப் படகுகளைப் பாதுகாப்பான இடம் என்று சொல்ல முடியாது. இந்த விதி 1936 நவம்பரில் தனி நெறிமுறையாகவே வந்தது. அதே மாதம் ஜெர்மனியும் அதை ஏற்றது. முல்லரால் செய்ய முடிந்ததை வெடிகனிடமும் எதிர்பார்க்கும் விதி இது. நல்லெண்ணத்தோடு எழுதியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நீர்மூழ்கிக்குள் ஒருமுறை இறங்கிப் பார்த்தவர் இதை நிறைவேற்ற முடியும் என்று நம்பியிருக்க மாட்டார்.

பிரிட்டன் 1935இல் அவ்வளவு தாராளமாகக் கையெழுத்திட்டதற்கு இன்னொரு காரணம் உண்டு: ஆஸ்டிக். இன்று சோனார் என்கிறோமே, அதன் பிரிட்டிஷ் முன்னோடி. முதல் உலகப்போரின் இறுதியில் பிரான்ஸின் லாங்ஜெவனும் கனடாவின் ராபர்ட் பாயிலும் வெவ்வேறாக உழைத்து உருவாக்கிய கருவி. கப்பலின் அடிப்பகுதியில் ஒரு குமிழ். அதற்குள் எஃகுத் தகடுகளுக்கு இடையே குவார்ட்ஸ் படிகங்கள். மின்சாரம் பாய்ந்தால் படிகம் அதிர்ந்து ஒலிக்கற்றையைக் கடலுக்குள் அனுப்பும். ஏதாவது உருவத்தில் பட்டுத் திரும்பினால் காதில் ஹெட்ஃபோன் மாட்டிய மாலுமிக்கு எதிரொலி கேட்கும். கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் போகும். எதிரொலி இரண்டு நொடியில் வந்தால் நீர்மூழ்கி 1,500 மீட்டர் தொலைவில் இருக்கிறது. போர்ட்லண்டில் இதற்கென்று பள்ளி நடந்தது. 1937இல் கடற்படைத் தலைமை, 1917இன் ஆபத்து இனி ஒருபோதும் வராது என்று எழுதியது. 1938இல் சர்ச்சில் நேரில் போய் எதிரொலியைக் கேட்டு வியந்து திரும்பினார்.

ஆனால் அந்த எதிரொலிக்குப் பல நிபந்தனைகள். கப்பல் வேகமாக ஓடினால் தன் சத்தத்திலேயே எதிரொலி அமுங்கிவிடும். கடலில் வெப்பமும் குளிரும் அடுக்கடுக்காக இருந்தால் ஒலிக்கற்றை வளைந்து நீர்மூழ்கியைத் தப்பவிடும். கருவி தூரத்தையும் திசையையும் சொல்லும், ஆழத்தைச் சொல்லாது. கடைசி இருநூறு மீட்டர் அளவுக்கு நெருங்கும்போது, கற்றை நீர்மூழ்கியின் தலைக்கு மேலே போய்விடும். சரியாகக் குண்டு போட வேண்டிய தருணத்தில் காது செவிடாகும். ஆழ்கடல் குண்டுகள் கப்பலின் பின்புறத்திலிருந்து விழுந்து மெல்ல அமிழும் நேரத்துக்குள் நீர்மூழ்கி திரும்பித் தப்பலாம். இவற்றையெல்லாம் போர்ட்லண்டின் வல்லுநர்கள் ஓரளவு அறிந்திருந்தார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்று பேச்சில் வரவே இல்லை. மூழ்காமல் மேலே மிதந்துகொண்டிருக்கும் நீர்மூழ்கியை ஆஸ்டிக் அநேகமாகக் கண்டுபிடிக்காது. மேலே இருந்தால் கண்ணுக்குத் தெரியுமே, பீரங்கியால் அடித்துவிடலாமே என்பது அவர்கள் எண்ணம்.

கார்ல் டோனிட்ஸ் அந்த இடத்தில்தான் நுழைந்தார். முதல் போரில் யுபி-68இன் தலைவராக 1918 அக்டோபரில் மத்தியதரைக் கடலில் ஒரு கான்வாயைத் தாக்கி, படகை இழந்து, பிரிட்டிஷாரிடம் கைதியானவர். 1935 செப்டம்பரில், யு-9இன் வெடிகன் பெயரைத் தாங்கிய முதல் நீர்மூழ்கி அணிக்குத் தலைவரானார். அவர் வந்தபோது பள்ளியில் ஆஸ்டிக்குக்குப் பயந்து 3,000 மீட்டருக்கு அப்பாலிருந்து டார்ப்பிடோ விடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதை 600 மீட்டராகக் குறைத்தார். ஒவ்வொரு படகும் மூழ்கிய நிலையில் 66 முறையும் நீர்மட்டத்தில் 66 முறையும் தாக்குதல் ஒத்திகை முடித்தபிறகே முதல் டார்ப்பிடோவைத் தொட வேண்டும் என்றார்.

அன்றைய நீர்மூழ்கி முழுநேரமும் நீருக்கடியில் வாழும் கலம் அல்ல. மூழ்கிவிட்டால் பேட்டரிதான் கதி. மணிக்கு 4 கடல் மைல் வேகத்தில் 80 மைல் அளவுக்குப் போனால் பேட்டரி தீர்ந்துவிடும். மெதுவான சரக்குக் கான்வாயே மணிக்கு 7 மைல் போகும். மூழ்கிய படகால் அதைத் துரத்த முடியாது. மேலே வந்தால் டீசலில் 17 மைல் ஓடும். ஆகவே இரவில் நீர்மட்டத்திலேயே நெருங்க வேண்டும். படகின் சிறு கோபுரம் மட்டும் அலைக்கு மேலே இருக்கும், இருட்டில் கண்ணுக்குத் தெரியாது, ஆஸ்டிக்குக்கும் சிக்காது. ஒரு படகு கான்வாயைக் கண்டால் வானொலியில் சொல்லி மற்றவற்றை வரவழைக்க வேண்டும். 1937இல் பால்டிக் கடலில் இதை ஒத்திகை பார்த்தார்கள். 1939இல் டோனிட்ஸ் வெளியிட்ட சிறு நூலில்கூட இரவு நேர நீர்மட்டத் தாக்குதலைப் பற்றி வெளிப்படையாகவே எழுதினார்.

இதற்கு வேண்டியது எண்ணிக்கை. இங்கேதான் டன் வரம்பு யாரும் எண்ணாத பலனைத் தந்தது. 52,700 டன்னில் 45 சதவீதம் என்றால் 23,700 டன் சுமார். அதில் 2,000 டன் படகு என்றால் பதினொன்று. 500 டன் படகு என்றால் நாற்பத்தேழு. டோனிட்ஸ் சிறிய படகையே கேட்டார். முதல் போரின் யுபி-3, அதன் வழியில் ஃபின்லாந்தின் வெட்டேஹினென், அதன் வழியில் ஏழாம் வகை என்று ஹேக் அலுவலகத்தின் வம்சம் நீண்டது. யுபி-3இல் இருந்த, நான்கு குழாய் முன்னால், ஒன்று பின்னால் என்ற அமைப்பே ஏழாம் வகையிலும் வந்தது. அந்த ஏழாம் வகையே பின்னர் உலகிலேயே மிக அதிக எண்ணிக்கையில் கட்டிய நீர்மூழ்கி ஆயிற்று.

ஜெர்மன் கடற்படைத் தலைமையும் இதை முழுதாக ஏற்றுக்கொண்டது என்று சொல்ல முடியாது. 1939 ஜனவரியின் ‘இசட் திட்டம்’ பெரும் போர்க்கப்பல்களுக்கே முதலிடம் தந்தது. டோனிட்ஸ் 300 படகு கேட்டார். போர் மூண்ட நாளில் இருந்தவை 57, அவற்றில் பாதியளவே அட்லாண்டிக்குக்குப் போகத் தகுந்தவை. 1939 செப்டம்பர் 3, பிரிட்டன் போர் அறிவித்த அன்று மாலையே, யு-30 எதிர்ப்பட்ட அதினியா பயணிகள் கப்பலை எச்சரிக்கையின்றித் தாக்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1936இன் நெறிமுறை முதல் நாளிலேயே உடைந்தது. பிரிட்டனின் வணிகக் கப்பல்களோ, நீர்மூழ்கியைக் கண்டால் உடனே வானொலியில் இருப்பிடத்தைச் சொல்ல வேண்டும் என்ற உத்தரவோடு, பல பீரங்கியும் பொருத்திக்கொண்டு ஓடின. எச்சரிக்கை கொடுத்த நீர்மூழ்கி சில நிமிடங்களில் வேட்டைக்கு ஆளாகும். 

1940 அக்டோபரில், கனடாவின் சிட்னி துறைமுகத்திலிருந்து புறப்பட்ட எஸ்.சி. 7 என்ற கான்வாயின் 35 கப்பல்களில் 20 மூழ்கின. அவற்றில் பெரும்பாலானவை இரவில், நீர்மட்டத்தில் வந்த படகுகளால். யு-99இன் ஓட்டோ கிரெட்ச்மர் கான்வாயின் வரிசைகளுக்கு உள்ளேயே புகுந்து ஓடினார். காவல் கப்பல்களின் ஆஸ்டிக் கருவிகளில் அந்தப் படகு எதிரொலியாக வரவில்லை. அடுத்த இரவே எச்.எக்ஸ். 79 கான்வாயில் இன்னும் 12 கப்பல்கள் போயின. கப்பலில் பொருத்தும் ரேடாரும், போதிய காவல் கப்பல்களும், நெடுந்தூர விமானங்களும் சேர்ந்து இந்த முறையை முறியடிக்க 1943 மே வரை ஆயிற்று. அதற்குள் ஆயிரக்கணக்கான மாலுமிகள் அட்லாண்டிக்கின் குளிரில் இறந்திருந்தார்கள். அவர்களில் பிரிட்டிஷ் கப்பல்களில் கரி அள்ளிய இந்திய லாஸ்கர்களும் பலர்.

நியூரம்பர்க் நீதிமன்றத்தில் டோனிட்ஸ் மீது 1936 நெறிமுறையை மீறிய குற்றமும் சுமத்தப்பட்டது. அவருடைய வழக்கறிஞர், அமெரிக்கப் பசிபிக் கடற்படைத் தலைவர் நிமிட்ஸுக்குக் கேள்விகள் அனுப்பினார். ஜப்பானுடன் போர் தொடங்கிய முதல் நாளிலிருந்தே எச்சரிக்கையின்றித் தாக்கும் நீர்மூழ்கிப் போரைத்தான் அமெரிக்காவும் நடத்தியது என்று நிமிட்ஸ் நேராகவே பதில் எழுதினார். ஸ்காகெராக் நீரிணையில் கண்ட கப்பலையெல்லாம் மூழ்கடிக்க பிரிட்டனும் 1940 மே மாதம் உத்தரவிட்டிருந்தது நீதிமன்றத்தின் முன் வந்தது. 1946 அக்டோபர் 1 அன்று வந்த தீர்ப்பு, டோனிட்ஸ் நெறிமுறையை மீறினார் என்று பதிவு செய்தது. ஆனால் அவருக்கு விதித்த பத்து ஆண்டுச் சிறையை அந்த மீறலின் அடிப்படையில் கணக்கிடவில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது.